காக்கி முடிச்சு

மே 4, ஞாயிறு

இன்று முதல் எழுதி வைக்கப் போகிறேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவரை எந்த லைன் எப்போது செத்தது, எவன் எதற்குக் கத்தினான் என்று எழுதாமல் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. ஓய்வு பெற்றதோடு அந்தப் பழக்கம் போயிற்று. இப்போது இந்த வீட்டு நடமாட்டத்துக்கு அது தேவைப்படுகிறது.

காலையில் பக்கத்து வீட்டுக் கனகு வந்தாள். பியூலா கொடுத்த பீர்க்கு விதை நன்றாக முளைத்துவிட்டதாம், ஆடிக்குப் போட அவரையிலும் ஒரு கை வேண்டுமாம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பியூலா யார் பீர்க்கு விதை கொடுக்க? அவள் என் மருமகள், சரி. பள்ளிக்கூடத்து டீச்சர், அதுவும் சரி. ஆனால் அது என் வீட்டுக்காரர் விதை. மார்ச் மாதம் கண்ணை மூடுவதற்கு முந்தின வாரம்வரை புறவாசலில் உட்கார்ந்து நெற்று உடைத்து, காயவைத்து, பல்லால் கடித்துப் பார்த்து, சாம்பலில் புரட்டி, தன் பழைய காக்கிச் சட்டைத் துணியில் முடிந்து வைத்தார். அவர் கை கடைசியாகச் செய்த வேலை அது. அந்த முடிச்சுகளை நானே இன்னும் அவிழ்க்கவில்லை.

அவரை இல்லை என்று கனகுவிடம் சொல்லிவிட்டேன். முகம் சுருங்கிப் போனாள். போகட்டும். தபால்காரராக இருந்த காலம் முழுக்க, கடிதம் கொடுத்த வீட்டில் எல்லாம் விதையும் கொடுத்துவிட்டு வந்தவர் அவர். அத்தனை வீட்டில் எத்தனை பேர் துக்கத்துக்கு வந்தார்கள்?

பியூலா பள்ளிக்கூட மாடிப்படியில் இருந்து பேசுகிற குரலில், "நாலு விதைதான அத்த" என்றாள். நாலில்தான் ஆரம்பிக்கும்.

ஆகவே மத்தியானம் ஒரு காரியம் செய்தேன். அலமாரியில் கண்ணாடி பாட்டில்களில் இருந்த முடிச்சுகளை எல்லாம் எடுத்து, கூடத்து மேசையின் கீழ் டிராயரில் வைத்துப் பூட்டினேன். பாட்டிலை யார் வேண்டுமானாலும் திறக்கலாம். பூட்டைத் திறக்கச் சாவி வேண்டும். சாவி என் தாலிச்செயின் இருந்த இடத்தில், ஒரு கயிற்றில் தொங்குகிறது.

மே 7

சாவி பத்திரம். பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்தேன். வடகம் போட்டு வைக்கலாம்.

மே 10, சனி

பியூலா புதிதாக ஒரு கதை ஆரம்பித்திருக்கிறாள். வீட்டில் எலி வந்திருக்கிறதாம். அடுப்படி மூலையில் புழுக்கை கிடந்ததாம். பெருக்கி அள்ளியதைக் காகிதத்தில் வைத்துக் கொண்டுவந்து காட்டினாள். எள் மாதிரிதான் இருந்தது. சீரகம் கருகினாலும் அப்படித்தான் இருக்கும்.

பிறகு, எதேச்சையாக வருவது போல வந்து சொன்னாள்: "அத்த, அந்த விதைய திரும்பவும் பாட்டில்லயே போட்டு மூடி வச்சிருவமா? துணியக் கடிக்க எலிக்கு எவ்வளவு நேரம் ஆவும்? மாமா அதுக்காகத்தான பாட்டில்ல வச்சிருந்தாவ."

புரிந்துவிட்டது. முதலில் விதையைப் பூட்டிலிருந்து வெளியே வரவைக்க வேண்டும். அது நடக்காவிட்டால், நாளைக்கு விதை குறைந்தால் பழி போட ஓர் எலி தயாராக இருக்க வேண்டும். எலியை முன்கூட்டியே அறிமுகப்படுத்துகிறாள். என் காதில் எத்தனை பேர் எத்தனை சாக்கு சொல்லியிருப்பார்கள், எனக்கா தெரியாது?

பூட்டு போட்ட டிராயருக்குள் எலி எப்படிப் போகும் என்று கேட்டேன். காகிதத்தை மடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மே 14, புதன்

ரேஷன் கடையிலிருந்து திரும்பும்போது கூடத்தில் பியூலா தரையில் உட்கார்ந்திருந்தாள். மேசையின் இரண்டு டிராயர்களில் மேலே இருப்பது முழுதாக வெளியே வந்து தரையில் கிடந்தது. கையில் டார்ச். என்னைக் கண்டதும் அதை அணைத்தாள். மூக்கு சிவந்து, கண் கலங்கியிருந்தது.

என்ன தேடுகிறாய் என்றேன். கரண்ட் பில் அட்டை என்றாள். கண்ணில் என்ன என்றேன். தூசி என்றாள். மேல் டிராயரில் பில், ரப்பர் பேண்டு, பழைய சாவி எல்லாம் கிடப்பது உண்மை. பூட்டும் கிடையாது. ஆனால் கரண்ட் பில் அட்டை ஃபிரிட்ஜின் மேல் கண்ணெதிரே இருந்தது. நானே எடுத்துக் கொடுத்தேன்.

கீழ் டிராயரை இழுத்துப் பார்த்தேன். பூட்டு பூட்டியபடிதான் இருக்கிறது. சாவி என் கழுத்தில் இருக்கிறது. உள்ளே திறந்து பார்க்கலாமா என்று ஒரு நிமிடம் நின்றேன். அந்தக் காக்கித் துணியைப் பார்க்க இன்று தைரியம் இல்லை.

இரவுச் சாப்பாட்டில் அவள் ரசம்கூட ஊற்றிக்கொள்ளவில்லை. குற்றமுள்ள நெஞ்சு.

மே 15

எலிப்பொறி வாங்கி வந்துவிட்டாள். கருவாட்டுத் துண்டைச் சுட்டு மாட்டி மேசைக்குப் பின்னால் வைத்தாள். அடுப்படியில் கண்ட எலிக்கு, பொறி ஏன் கூடத்தில்?

மே 16, வெள்ளி

பொறியில் எலி விழுந்தது. நல்ல கொழுத்த எலி. இந்த வீட்டில் இரண்டு பெண்கள் சாப்பிடுகிற சாப்பாட்டில் ஓர் எலி அவ்வளவு கொழுக்காது. எங்கிருந்தாவது பிடித்து வந்து வைத்திருப்பாளோ என்றுகூடத் தோன்றியது. எழுதும்போது எனக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் படுகிறது. இருந்தாலும் இருக்கட்டும்.

மே 19, திங்கள்

பியூலா புறவாசலில் நின்று போன் பேசினாள். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்கவில்லை. என் காதுக்கு அது தொழில். தானாக வந்து விழுகிறது.

"ஒரு கை இருந்தாலும் போதும்" என்றாள். பிறகு, "யார் யார் வாங்கியிருக்காங்கன்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்க" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அத்தைக்கு மட்டும் தெரியவே கூடாது."

துணி காய்ந்ததா, நனைந்ததா என்று தெரியாமல் அப்படியே நின்றேன். ஆக, ஒரு கூட்டமே இருக்கிறது. வாங்குகிறவர்கள் பட்டியலே இருக்கிறது.

மே 21

மாமா எந்தெந்த ஊர்ப் பக்கம் தபால் கொண்டுபோனார் என்று சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். எதற்கு என்றேன். சும்மாதான் என்றாள். சும்மா யாரும் எதையும் கேட்பதில்லை. ஆனால் அவரைப் பற்றி யாராவது கேட்டால் என் வாய் நிற்பதில்லை, அது என் கேடு. கழுகுமலை ரோட்டில் சைக்கிள் மிதித்தது, எட்டயபுரம் பக்கம் ஒரு வீட்டில் மோர் கொடுப்பது, ஒரு வேலியில் தனியாக விளிம்பு சிவந்த ஓர் அவரைக்காயைக் கண்டு கேட்டு வாங்கி வந்தது, அதையே வருஷா வருஷம் பொறுக்கிப் போட்டுக் கடைசியில் கொடி முழுக்கச் சிவப்பு விளிம்பாகக் காய்த்தது, அதற்கு ஜனங்கள் தபால் அவரை என்று பேர் வைத்தது, எல்லாம் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான், வழி கேட்டவளுக்கு வரைபடமே போட்டுக் கொடுத்திருக்கிறேன் என்று உறைத்தது.

மே 23, வெள்ளி

ஸ்கூட்டியில் போனாள். ஜெபக்கூட்டமாம். வெயில் ஏற ஏறப் போய், வெயில் தாழ்ந்து வந்தாள். முகம் கறுத்துப் போயிருந்தது. ஜெபக்கூட்டத்தில் செம்மண் புழுதி முழங்கால்வரை ஏறுமா?

மே 24

இன்றும் போனாள். தோழி வீட்டுக் கல்யாணம். பழைய சேலையில் கல்யாணம்.

மே 25, ஞாயிறு

பொன்ராஜ் வந்திருந்தான். தூத்துக்குடியில் வேலை, ஞாயிற்றுக்கிழமை தோறும் வருவான். தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். என் வயிற்றில் பிறந்தவன், கவலைப்படுவான் என்று நினைத்தேன். தரையைப் பார்த்துக்கொண்டே, "அவ அப்பா விதைய எடுத்து என்னம்மா செய்யப் போறா? விடுங்க" என்றான்.

மத்தியானம் பரணில் ஏறினான். அவருடைய டிரங்குப் பெட்டியை இறக்கி, ஒரு பழைய காக்கிச் சட்டையை எடுத்துப் பியூலாவிடம் கொடுத்தான். எதற்கு என்றேன். ஸ்கூட்டி துடைக்க என்றான். அவர் போட்டு உழைத்த சட்டையில் ஸ்கூட்டி துடைப்பார்களாம். அவன் அதை ஒரு பச்சைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் பிடித்துக் கொடுத்தான், அவளும் அப்படியே வாங்கினாள். என்ன நாடகமோ. ரெண்டு பேரும் கூட்டு என்பது மட்டும் உறுதி.

எனக்கு இந்த வீட்டில் இனி யாரும் இல்லை.

ஜூன் 1, ஞாயிறு

இன்று திறந்துவிட்டேன். பொன்ராஜும் பியூலாவும் கோயிலுக்கு, அதாவது அவர்கள் சர்ச்சுக்குப் போயிருந்தார்கள்.

முடிச்சுகள் எல்லாம் இருந்தன. சுரை, பீர்க்கு, வெண்டை, முள்ளுக்கத்தரி, தபால் அவரை. ஒன்றும் குறையவில்லை. எனக்குப் போன உயிர் வந்தது. பிறகு அவரை முடிச்சைக் கையில் எடுத்தேன்.

அது அவர் முடிச்சு இல்லை.

அவர் தபால் பை கட்டுகிற மாதிரிதான் எதையும் கட்டுவார். மூன்று சுற்று சுற்றி, நுனியை உள்ளே செருகி, கட்டை விரலால் ஓர் அழுத்து. பிரிக்க வேண்டுமானால் அவரைத்தான் கூப்பிட வேண்டும். பொங்கலுக்குக் கட்டிய கரும்புக்கட்டைக்கூட அரிவாளால் வெட்டித்தான் பிரித்தோம். இது சாதாரண முடிச்சு. அதுவும் நுனி இடது பக்கம் விழுகிற முடிச்சு. இந்த வீட்டில் இடதுகைக்காரி ஒருத்திதான்.

எல்லா முடிச்சும் அப்படியே. ஒன்றில்கூட அவர் கை இல்லை.

அவரையைப் பிரித்துப் பார்த்தேன். நான் வைத்ததைவிட இப்போது கனமாக இருந்தது. விதைகள் ஒரே மாதிரி இல்லை. சில பருத்து, சில சிறுத்து, சிலது கருப்பு, சிலது தவிட்டு நிறம். பல வீட்டில் வாங்கிய சோற்றை ஒரே சட்டியில் கொட்டினது போல இருந்தது. அவருடையதை எடுத்துக்கொண்டு, கண்ட விதையை அள்ளிப் போட்டு எடையைச் சரிக்கட்டியிருக்கிறாள். பூட்டைத் திறக்காமல் எப்படி எடுத்தாள் என்பது மட்டும் விளங்கவில்லை.

விதை போனதுகூடப் பரவாயில்லை. அந்த முடிச்சுகளை அவிழ்க்க அவளுக்கு எப்படி மனசு வந்தது? இரண்டு மாதமாக நான் அவிழ்க்காமல் வைத்திருந்தேன். எனக்கு அவர் விரல் பட்டது என்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

கேட்கவில்லை. கேட்டால் கத்துவேன். பள்ளிக்கூடம் திறக்கட்டும், அவள் அம்மா அப்பாவை நாசரேத்திலிருந்து வரவழைத்து, அவர்கள் முன்னால் கேட்கிறேன். அதன் பிறகு அவர்கள் தனிக்குடித்தனம் போகட்டும்.

ஜூன் 5

பேச்சு இல்லை. காபி வைத்துவிட்டுப் போனாள். ஆறவிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

பியூலா பள்ளிக்குப் போன பிறகு, வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். என் வயது இருக்கும். ஒரு கண்ணில் பச்சைத் துணி கட்டியிருந்தது. கழுகுமலைப் பக்கத்திலிருந்து கண் ஆஸ்பத்திரிக்கு வந்தாளாம், பேர் ராமுத்தாய். பியூலா டீச்சர் வீடு இதுதானே என்றாள். ஆமாம் என்றேன். மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள்.

அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதுகிறேன்.

"தபால் அவரைம்மா. போன மாசம் டீச்சரு வந்து கேட்டப்ப எங்க வீட்டுல விதை அடுக்குப்பானைக்குள்ள எங்கேயோ கெடந்துச்சு. இப்பத்தான் ஆப்புட்டுச்சு. தபால்கார அண்ணாச்சி எங்க கல்யாணத்தப்ப குடுத்தாக, அன்னையில இருந்து விடாமப் போடுதோம். அண்ணாச்சி முடிஞ்சு வச்சிட்டுப் போன விதை பூராத்தையும் எலி தின்னுருச்சாம்ல? அந்தப் புள்ள எங்க ஊருல வீடு வீடா ஏறி எறங்குச்சு. ஒரு கை, ரெண்டு விதைன்னு கெடைச்சதை வாங்கிச்சு. அதோட மாமியாருக்குத் தெரிஞ்சா உசுரையே விட்டுருவாகன்னு சொல்லி அழுதுச்சு. அவுக வீட்டுல இருக்காகளா?"

இல்லை என்றேன்.

"நீங்க யாரு?"

பக்கத்து வீடு என்றேன். வேறு என்ன சொல்ல முடியும் எனக்கு?

அவள் தண்ணீர் குடித்துவிட்டு, அந்த அம்மாவிடம் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள் என்று என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டு போனாள். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அதே நாள், மாலைக்குள்

மேல் டிராயரை முழுதாக வெளியே இழுத்தேன். அது போன இடத்தில் ஒரு பொந்து போல வழி. கையை விட்டால் கீழ் டிராயர் முழுக்கக் கைக்கு வருகிறது. பூட்டு, சாவி எதுவும் வேண்டாம். பின்பலகை பாதியில் நின்றிருந்தது. அந்தச் சந்து எலிக்கும் போதும். இந்த மேசையில் முப்பது வருஷமாகப் பில் போடுகிறேன், ஒரு நாளும் பார்த்ததில்லை.

பின்மூலையில், அவள் கை எட்டாத இடத்தில், எலி வைத்த கூடு இன்னும் இருந்தது. காக்கி நூல், பஞ்சு பஞ்சாக. அதற்குள் அவரைத் தோல், சுரை விதைத் தோல், எல்லாம் ஓடு மட்டும்.

எலி வர முடியாத பாட்டிலிலிருந்து எடுத்து, எலிக்கென்றே ஓர் அறையில் வைத்து, மனுஷர் யாரும் வராமல் பூட்டும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அன்று அவள் டார்ச்சோடு உட்கார்ந்து அழுதது இதைப் பார்த்துத்தான்.

எனக்கும் கண்ணில் தூசி விழுந்தது. இல்லை. அழுதேன். அவர் போனதற்கும் சேர்த்து அழுதேன் என்று நினைக்கிறேன். மார்ச்சில் வந்தவர்களுக்குக் காபி போட்டுக் கொடுப்பதில் அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

ஜூன் 10

என்ன சொல்வது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் ராமுத்தாய்க்குக் கொடுத்த வாக்கு? அதுவும் ஒரு சாக்குதான். எனக்கு வெட்கமாக இருக்கிறது, அதுதான் உண்மை.

காபியைச் சூடாகக் குடித்தேன். பியூலா தம்ளரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஜூன் 11, புதன்

அந்தக் காக்கிச் சட்டையில் மிச்சத்தைத் தேடினேன். ஸ்கூட்டி துடைத்த அழுக்கு ஒரு சொட்டு இல்லை. துவைத்து மடித்து அவள் பீரோவில், பைபிளுக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு துண்டு கிழித்து, கழுகுமலை அவரையை அதில் போட்டு என் கையால் முடிந்தேன். எனக்கு அவர் முடிச்சு வராது. புடவை முந்தியில் முடிகிற முடிச்சுதான் வரும்.

மேல் டிராயரை இழுத்து, அவள் வழியிலேயே கையை விட்டு, அவள் வைத்த முடிச்சுகளுக்கு நடுவில் அதையும் வைத்தேன். அவள் வாரத்துக்கு ஒரு தடவையாவது பார்ப்பாள்.

ஜூன் 12

ஒன்றும் நடக்கவில்லை.

ஜூன் 13

ஒன்றும் இல்லை. சாம்பார் பிரமாதமாக இருந்தது என்று சொன்னேன். பயந்துவிட்டாள்.

ஜூன் 14, சனி

காலையில் எழுந்து கூடத்துக்கு வந்தால், மேசை மேல் ஒரு கண்ணாடி பாட்டில். நான் வடகத்துக்கென்று கவிழ்த்து வைத்ததில் ஒன்று. உள்ளே காக்கித் துணிகள். பக்கவாட்டில் எல்லாம் எலி கடித்துக் குதறிய ஓட்டை. விதை ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொன்றின் தலையிலும் மூன்று சுற்று, உள்ளே செருகிய நுனி, கட்டை விரல் அழுத்தியதுபோல் சப்பை.

பியூலா அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள், ஈரமே இல்லாத கையை.

"முடிச்சு ஒண்ணைக்கூட நான் அவுக்கல அத்த. கனகு அக்காவுக்குக் குடுத்த பீர்க்குகூட மாமா முடியாம மிச்சம் விட்டதுதான். எலி பக்கத்துலதான் கடிச்சிருக்கு. மாமா போட்ட முடிச்சு அப்படியே இருக்கு. தூக்கிப்போட மனசு வரல."

நான் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் தரையில், டார்ச்சோடு உட்கார்ந்திருந்த அதே இடத்தில் உட்கார்ந்தாள். அவளைத் திருடி என்று நினைத்தேன் என்று சொன்னேன். தெரியும் என்றாள். தெரிந்துமா வெயிலில் அலைந்தாய் என்றேன். மாமாவைப் பற்றி ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு கதை சொன்னார்களாம், அதைக் கேட்க ஆசையாக இருந்ததாம். துக்கத்துக்கு வராதவர்களில் பாதிப் பேருக்கு அவர் போனதே அவள் சொல்லித்தான் தெரிந்திருக்கிறது. தபால்காரர் செத்தால் யார் வந்து சொல்வார்கள்?

அந்தக் கதைகளைச் சொல்லச் சொன்னேன். சொல்லி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. நாசரேத்துக்குப் போன் போடுகிற யோசனையை அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதியிருப்பதே போதும்.

ஜூன் 15, ஞாயிறு

விதைகளை ஒரு வெயில் காட்டி, நிழலில் ஆறவிட்டோம். அவர் செய்வது போல நான் ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். 'டக்' என்றது. சாம்பலில் புரட்டி, வசம்பு ஒரு துண்டு போட்டு, பாட்டில்களில் இறுக மூடினோம். மூடிக்கு அடியில் பொன்ராஜ் காகிதம் வைத்து முறுக்கினான். வடகத்துக்கு வேறு டப்பா பார்த்துக்கொள்ளலாம்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. புறவாசலில் பந்தல் அடியில் அவரை போட்டோம். அவள் இடதுகையால் குழி போட, நான் விதை போட்டேன்.

ஜூலை 24

முளைத்துவிட்டது. எல்லாம் ஒரே நாளில் இல்லை. சிலது இன்று, சிலது நேற்று. தண்டு சிவப்பு. அவருடையதேதான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. நானே கனகு வீட்டுக்குப் போய் விதைக்குக் கூப்பிட்டேன். நம்பாமல் பின்னாலேயே வந்தாள். அவரை ஒரு கை கொடுத்தேன், பிறகு இன்னொரு கை. நம் வீட்டில் மறுபடி எலி வந்தால் நாலு வீட்டில் கேட்டு வாங்க வேண்டும் அல்லவா? மேசைச் சாவியைப் போன வாரத்திலிருந்து காணவில்லை, நான் தேடவும் இல்லை.

கனகு அலமாரியை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். கடைசித் தட்டில் காக்கித் துணிகளோடு தனியாக இருந்த பாட்டிலைக் காட்டி, அதில் என்ன விதை, அதிலும் கொஞ்சம் தரலாமே என்றாள்.

நான் வாய் திறப்பதற்குள் பியூலா குறுக்கே வந்து நின்றாள்.

"அது மட்டும் யாருக்கும் கிடையாதுக்கா."

கனகு முகம் சுருங்கியது. நான் அவளுக்குச் சுரை விதையும் கொஞ்சம் எடுத்துக் கொடுத்தேன்.